நீச்சல் போட்டிக்கு முன் பயிற்சித் தணிப்பு: ஒரு வரலாறு

பெரிய போட்டிக்குத் தயாராகும் நீச்சல் வீரர் மாதக்கணக்கில் காலையும் மாலையும் குளத்தில் உழைக்கிறார். போட்டிக்கு இரண்டு மூன்று வாரங்கள் இருக்கும்போது பயிற்சியாளர் அந்த உழைப்பைக் கூட்டுவதில்லை, குறைக்கத் தொடங்குகிறார். நாளொன்றுக்கு 8 அல்லது 9 கிலோமீட்டர் நீந்தியவர் போட்டி நெருங்கும்போது 3 கிலோமீட்டர் அளவுக்கே நீந்துகிறார். இவ்வாறு பயிற்சியின் அளவைத் திட்டமிட்டுப் படிப்படியாகக் குறைப்பது பயிற்சித் தணிப்பு எனப்படும்.

நீச்சல் குளங்களில் இதை 'டேப்பர்' என்ற ஆங்கிலச் சொல்லாலேயே அழைக்கிறார்கள். அடி பருத்து நுனி சிறுத்துப் போவதைக் குறிக்கும் சொல் அது. கோயில் கோபுரம் அடியில் அகன்று நிலைக்கு நிலை குறுகி உச்சியை அடைவதுபோல, பயிற்சியும் நாளுக்கு நாள் குறுகிப் போட்டி நாளில் முடிகிறது.

இன்று உலகெங்கும் நீச்சல் பயிற்சியின் அடிப்படைப் பாடங்களில் ஒன்றாக இது இருக்கிறது. ஆனால், ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதிதான் என்பதைப் பயிற்சியாளர்களும் விஞ்ஞானிகளும் ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆனது. அந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தணிப்பு ஏன் தேவைப்பட்டது?

தணிப்பின் வரலாறு கடும் பயிற்சியின் வரலாற்றோடு சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீச்சல் வீரர்கள் இன்றுபோல் நீண்ட தூரம் பயிற்சி செய்யவில்லை. அளவுக்கு மீறி நீந்தினால் உடல் 'சலித்துவிடும்' என்ற அச்சம் அப்போது பரவலாக இருந்தது. குறைவாகப் பயிற்சி செய்தவர்களிடம் குறைப்பதற்கு அதிகம் இல்லை. போட்டிக்கு ஓரிரு நாள் முன்பு இளைப்பாறினாலே போதும் என்று கருதினார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த நிலை மாறியது. குறிப்பிட்ட தூரத்தை வேகமாக நீந்தி, சிறிது நின்று, மீண்டும் நீந்தும் இடைவெளிப் பயிற்சி ஓட்டப்பந்தயத்திலிருந்து நீச்சலுக்கும் வந்தது. நீந்தும் தூரமும் நேரமும் கூடின. அவற்றோடு களைப்பும் கூடியது. நன்றாகப் பயிற்சி செய்த வீரர் போட்டியன்று சோர்ந்த உடலோடு நின்றார். தணிப்பு என்ற எண்ணம் பிறந்தது இந்தச் சூழலில்தான்.

சிட்னியில் பிறந்த எண்ணம்

தணிப்பை நீச்சலில் ஒரு முறையாக வகுத்தவர்கள் என்று இரண்டு ஆஸ்திரேலியர்கள் பரவலாகக் குறிப்பிடப்படுகிறார்கள். ஒருவர் சிட்னி பல்கலைக்கழகத்தின் உடலியல் பேராசிரியர் ஃபிராங்க் காட்டன். மற்றவர் அவருடைய மாணவராகவும் பின்னர் உடலியல் விரிவுரையாளராகவும் இருந்த ஃபோர்ப்ஸ் கார்லைல்.

காட்டன் தாமே ஒரு நீச்சல் வீரர். இரண்டாம் உலகப் போரின்போது, போர் விமானிகள் திடீர்த் திருப்பங்களில் நினைவிழக்காமல் காக்கும் சிறப்பு உடையை உருவாக்கியவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. உடல் எவ்வளவு சுமையைத் தாங்கும், எந்த இடத்தில் தளரும் என்ற கேள்வி அவருடைய ஆய்வுகளில் தொடர்ந்து வந்தது. போர் முடிந்தபின் அதே கேள்வியை அவர் விளையாட்டு வீரர்களிடம் கொண்டுவந்தார்.

1921இல் பிறந்த கார்லைல் குளக்கரைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் பாலமாக இருந்தார். 1948 லண்டன் ஒலிம்பிக் போட்டியில் ஆஸ்திரேலிய நீச்சல் அணிக்குப் பயிற்சியாளராகச் சென்றார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நவீன ஐந்திறன் போட்டியில் தாமே பங்கேற்றார். வீரர்களின் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் இ.சி.ஜி. ஆகியவற்றைப் பயிற்சிக் காலம் முழுவதும் குறித்து வைத்தார். அன்றைய பயிற்சியாளர்களில் இப்படிச் செய்தவர்கள் மிகச் சிலரே.

1940களின் பிற்பகுதியில் காட்டனும் கார்லைலும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். போட்டிக்கு முந்தைய நாள்வரை கடுமையாக நீந்துபவரைவிட, முன்கூட்டியே பயிற்சியைத் தளர்த்துபவர் வேகமாக நீந்துகிறார் என்பதே அது. உடலில் சேர்ந்த களைப்பு ஓரிரு நாளில் தீர்வதில்லை என்பதால், தளர்த்துவதையும் நாள்கணக்கில் அல்லாமல் வாரக்கணக்கில் திட்டமிட வேண்டும் என்றார்கள். 'டேப்பர்' என்ற சொல் நீச்சலில் வழக்கத்துக்கு வந்தது இவர்களால்தான் என்று சொல்லப்படுகிறது.

இதற்கு ஒரு கொள்கை விளக்கமும் கார்லைலுக்குக் கிடைத்தது. ஹன்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி 1936 முதல் உடல் அழுத்தம் பற்றி எழுதி வந்தார். சுமை ஏறும்போது உடல் முதலில் அதிர்கிறது, பிறகு அதற்குப் பழகுகிறது, சுமை நீங்காவிட்டால் கடைசியில் சோர்ந்து விழுகிறது என்பது அவருடைய கொள்கையின் சாரம். கார்லைல் இதை நீச்சலுக்குப் பொருத்திப் பார்த்தார். பயிற்சி ஒரு சுமை. அது உடலைப் பழக்குவதும் சோர வைப்பதும் சுமையை எப்போது இறக்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

1950இல் ஓட்டப்பந்தய உலகில் நடந்த ஒரு நிகழ்ச்சியும் இங்கு நினைக்கத் தக்கது. செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாடோபெக் கடும் பயிற்சிக்குப் பேர்போனவர். அந்த ஆண்டு ஐரோப்பியத் தடகளப் போட்டிக்குச் சற்று முன்பு நோயுற்று மருத்துவமனையில் படுத்தார். ஏறத்தாழ இரண்டு வாரம் ஓட முடியவில்லை. மருத்துவமனையிலிருந்து வந்தவர் பிரஸ்ஸல்ஸ் நகரில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் வென்றார். அவர் விரும்பி எடுக்காத ஓய்வு, திட்டமிட்டு எடுத்ததுபோல் பலன் தந்தது.

மெல்போர்ன் முதல் மியூனிக் வரை

1956 மெல்போர்ன் ஒலிம்பிக் போட்டிக்கு ஆஸ்திரேலிய நீச்சல் அணி குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வெப்பமான டவுன்ஸ்வில் நகரில் குளிர்காலம் முழுவதும் பயிற்சி செய்தது. அந்தப் போட்டியில் மொத்தம் 13 நீச்சல் பந்தயங்கள் நடந்தன. அவற்றில் 8 தங்கங்களை ஆஸ்திரேலியா வென்றது. ஆடவர், மகளிர் ஃப்ரீஸ்டைல் பந்தயங்கள் ஏழும் அந்நாட்டுக்கே கிடைத்தன. 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் இரு பிரிவுகளிலும் முதல் மூன்று இடங்களையும் ஆஸ்திரேலியர்களே பிடித்தார்கள்.

இந்த வெற்றிக்குக் காரணங்கள் பல. சொந்த மண், திறமையான தலைமுறை, நீண்ட பயிற்சி முகாம், நல்ல பயிற்சியாளர்கள் ஆகியவை சேர்ந்திருந்தன. ஆனாலும், கடுமையாக உழைத்துப் பின் தணியும் ஆஸ்திரேலிய முறையின்மேல் உலகத்தின் கவனம் திரும்பியது. போட்டிக்கு முன் உடலின் முடியை மழித்துக்கொள்ளும் பழக்கமும் அந்த அணியிடமிருந்து பரவியது.

1963இல் கார்லைல் தம் முறைகளை நூலாக வெளியிட்டார். அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜேம்ஸ் கவுன்சில்மன் 1968இல் வெளியிட்ட நூல், நீச்சல் பயிற்சியை அறிவியலாக விளக்கிய முக்கிய நூலாகக் கருதப்படுகிறது. வலிக்கும்வரை உழைக்க வேண்டும் என்று போதித்த அவரும், போட்டிக்கு முந்தைய தணிப்பைப் பயிற்சிப் பருவத்தின் தனிக் கட்டமாகவே வைத்தார். அவரிடம் பயிற்சி பெற்ற மார்க் ஸ்பிட்ஸ் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 7 தங்கம் வென்றார். ஏழிலும் உலக சாதனை படைக்கப்பட்டது.

அதே மியூனிக்கில் கார்லைலின் மாணவி ஷேன் கோல்ட் 15 வயதில் தனிநபர் பந்தயங்களில் 3 தங்கம், 1 வெள்ளி, 1 வெண்கலம் பெற்றார். கடுமையான பயிற்சிக்குப் பெயர்பெற்ற இரண்டு பள்ளிகளும் போட்டிக்கு முன் பயிற்சியைத் தளர்த்தத் தயங்கவில்லை.

ஆய்வுக்கூடம் சொன்ன விடை

1970களில் தணிப்பு எல்லோருக்கும் தெரிந்த வழக்கமாகிவிட்டது. ஆனால் எவ்வளவு குறைப்பது, எதைக் குறைப்பது, எத்தனை நாள் குறைப்பது என்பவை பயிற்சியாளரின் அனுபவத்துக்கே விடப்பட்டிருந்தன. இவற்றுக்கு விடை தேடும் வேலை அப்போதுதான் தொடங்கியது.

கனடாவில் எரிக் பேனிஸ்டரும் அவருடைய குழுவினரும் 1975இல் ஒரு கணித மாதிரியை வெளியிட்டார்கள். ஒரு நீச்சல் வீரரின் பயிற்சிக் கணக்கே அதற்கு அடிப்படை. ஒவ்வொரு நாள் பயிற்சியும் உடலில் இரண்டு விளைவுகளை விடுகிறது. ஒன்று தகுதி, மற்றொன்று களைப்பு. களைப்பு அதிக அளவில் ஏறினாலும் விரைவில் வடிந்துவிடுகிறது. தகுதி மெல்லத்தான் தேய்கிறது. எனவே பயிற்சியைக் குறைத்தால் முதலில் போவது களைப்பு. தகுதி சில காலம் அப்படியே நிற்கும். அந்த இடைவெளியில் போட்டி நாள் விழும்படி பார்த்துக்கொள்வதே தணிப்பின் நுட்பம்.

அறுவடைக்கு முன் நெல்வயலில் தண்ணீரை வடிக்கும் விவசாயிக்கு இந்தக் கணக்கு புதிதாகத் தோன்றாது. முந்தினால் மணி முற்றாது. பிந்தினால் சேற்றில் அறுக்க வேண்டும்.

அடுத்த விடை நீச்சலுக்கு வெளியிலிருந்து வந்தது. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் 1980களின் முற்பகுதியில் சைக்கிள் மிதித்தும் ஓடியும் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு சோதனைகள் செய்தார். பயிற்சி நேரத்தை மூன்றில் இரண்டு பங்கு குறைத்தபோதும், கடுமையைக் குறைக்காதவரை, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் பல வாரங்கள் குறையவில்லை. நேரத்தை அப்படியே வைத்துக் கடுமையைக் குறைத்தபோது அந்தத் திறன் சரிந்தது. தூரத்தைக் குறைக்கலாம், வேகத்தைக் குறைக்கக் கூடாது என்ற இன்றைய விதிக்கு இது முக்கிய ஆதாரமானது.

1985இல் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டேவிட் காஸ்டில் குழுவினர் கல்லூரி நீச்சல் வீரர்கள் 17 பேரை ஆராய்ந்தார்கள். இரண்டு வாரத் தணிப்புக்குப் பிறகு அவர்களுடைய கைகளின் ஆற்றல் கணிசமாக உயர்ந்தது. போட்டி நேரம் ஏறத்தாழ 3 விழுக்காடு குறைந்தது. பின்னர் நடந்த தசை ஆய்வுகள் காரணத்தையும் காட்டின. தணிப்புக் காலத்தில் வேகமாகச் சுருங்கும் தசைநார்கள் பருத்து வலுப்பெறுகின்றன. கடும் பயிற்சியில் கரைந்த கிளைக்கோஜன் என்னும் சேமிப்பு எரிபொருளும் தசைகளில் மீண்டும் நிறைகிறது.

2 விழுக்காட்டின் மதிப்பு

தணிப்பின் பயன் எவ்வளவு என்பதை 2000 சிட்னி ஒலிம்பிக் தெளிவாகக் காட்டியது. பாஸ்க் நாட்டைச் சேர்ந்த இனிகோ முஹிக்கா தம் குழுவினருடன், அந்தப் போட்டிக்கு முந்தைய மூன்று வாரங்களில் வீரர்களின் நேரங்கள் எப்படி மாறின என்று ஆராய்ந்தார். ஒப்பிடப்பட்ட 99 நேரங்களில் 91 மேம்பட்டிருந்தன. சராசரி முன்னேற்றம் 2.2 விழுக்காடு.

கேட்பதற்கு இது சிறிய எண். ஆனால் அதே ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவருக்கும் நான்காவதாக வந்தவருக்கும் இடையிலான சராசரி வேறுபாடு 1.62 விழுக்காடுதான். மேடை ஏறுவதும் வெறுங்கையோடு திரும்புவதும் கடைசி மூன்று வாரங்களின் முன்னேற்றத்தைவிடச் சிறிய எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 50.58 வினாடியில் வென்றார். மிலோரட் சாவிச் 50.59 வினாடியில் இரண்டாவதாக வந்தார். இடைவெளி நூறில் ஒரு வினாடி. அந்தப் பந்தயத்தில் 2 விழுக்காடு என்பது ஏறத்தாழ ஒரு முழு வினாடி.

இருப்பினும் இந்த எண்களை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். பெரிய போட்டியில் கூட்டத்தின் ஆரவாரமும் எதிராளியின் நெருக்கமும் வேகத்தைக் கூட்டும். உடல் முடியை மழிப்பதால் நீரின் இழுப்பு குறைகிறது என்பதை காஸ்டில் பங்கேற்ற மற்றோர் ஆய்வு 1989இல் காட்டியது. ஒலிம்பிக்கில் பாதிப் பேரைத் தணிப்பு இல்லாமல் நீந்தச் சொல்லி ஒப்பிட்டுப் பார்க்க எந்த நாடும் சம்மதிக்காது. ஆகவே கடைசி வார முன்னேற்றம் முழுவதையும் தணிப்பின் கணக்கில் எழுதிவிட முடியாது.

இன்றைய நடைமுறை

2007இல் லோரான் போஸ்கே தலைமையில் 27 ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுதிரட்டி ஆராயப்பட்டன. நீச்சல், ஓட்டம், சைக்கிள் ஆகிய துறைகள் அதில் அடங்கும். அதன் முடிவுகளே இன்றைய பயிற்சித் திட்டங்களுக்கு அடித்தளமாக இருக்கின்றன.

காலம்: இரண்டு வாரத் தணிப்பு பெரும்பாலோர்க்கு நல்ல பலன் தருகிறது.

அளவு: நீந்தும் மொத்தத் தூரத்தை 41 முதல் 60 விழுக்காடு வரை படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வேகம்: போட்டி வேகத்தில் நீந்தும் பகுதிகளைக் கைவிடக் கூடாது. தூரம் குறைந்தாலும் வேகம் குறையக் கூடாது.

எண்ணிக்கை: வாரத்துக்கு எத்தனை முறை குளத்தில் இறங்குகிறார் என்பதைப் பெரிதாக மாற்றக் கூடாது. பல நாள் நீரை விட்டு விலகியிருந்தால் கைக்கும் நீருக்கும் உள்ள பழக்கம் மங்கிவிடும்.

இது எல்லோருக்கும் ஒரே அளவில் பொருந்தாது. பருத்த தசை கொண்ட குறுந்தூர வீரர்களுக்கு நீண்ட தணிப்பும், நெடுந்தூர வீரர்களுக்குக் குறுகிய தணிப்பும் தருவது பயிற்சியாளர்களின் வழக்கம். வாரத்தில் மூன்று நான்கு நாள் மட்டும் நீந்தும் பள்ளி மாணவருக்கு மூன்று வாரத் தணிப்பு தேவையில்லை. சில நாள் இளைப்பாறுதலே போதும். சேராத களைப்பைத் தீர்க்க வேண்டிய அவசியம் இல்லை. உழைப்பு குறையும்போது பசி உடனே குறையாது என்பதால் உணவிலும் கவனம் வேண்டும்.

மனத்தின் பங்கும் உண்டு. தணிப்பின் முதல் நாட்களில் பலர் உடல் கனப்பதாக உணர்கிறார்கள். கை நேரம் கூடியதும் கவலை புகுந்துவிடுகிறது. சேர்த்த வலிமை கரைந்துவிடுமோ என்று அஞ்சி மறைவாகக் கூடுதலாக நீந்துபவர்களும் உண்டு. தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் கண்விழித்துப் படிக்கும் மாணவரின் அச்சமும் இதுவே. இரண்டு இடத்திலும் அச்சம், உழைத்துச் சேர்த்ததைச் செலவழித்துவிடுகிறது.

இரண்டு சிகரங்கள்

ஒரே பருவத்தில் இரண்டு முறை உச்ச நிலையை எட்டுவது தணிப்பின் கடினமான சிக்கல். ஒலிம்பிக் அணியில் இடம்பெறத் தேர்வுப் போட்டியில் வெல்ல வேண்டும். பிறகு ஒலிம்பிக்கிலும் வெல்ல வேண்டும். இரண்டுக்கும் தணிய வேண்டும்.

2016இல் அமெரிக்கா தன் தேர்வுப் போட்டியை ஒலிம்பிக்குக்கு ஏறத்தாழ ஐந்து வாரம் முன்பு ஒமாஹா நகரில் நடத்தியது. ஆஸ்திரேலியா ஏப்ரல் மாதத்திலேயே முடித்துவிட்டது. ரியோ நீச்சல் குளத்தில் அமெரிக்கா 16 தங்கமும் ஆஸ்திரேலியா 3 தங்கமும் பெற்றன. பின்னர் ஆஸ்திரேலியாவும் தேர்வுப் போட்டியை ஒலிம்பிக்குக்கு அருகில் மாற்றிக்கொண்டது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்கான தேர்வு ஜூன் மாதம் நடந்தது. டோக்கியோவில் ஆஸ்திரேலியா 9 தங்கம் வென்றது. தேதி மாற்றம் மட்டுமே இதற்குக் காரணம் என்று கூற முடியாது. ஆனால் தணிப்பைப் பிறப்பித்த நாடே தன் நாட்காட்டியைத் திருத்திக்கொண்டது என்பது கவனிக்கத் தக்கது.

இன்னும் முடியாத விவாதம்

தணிப்பின் வரலாறு ஒரு சங்கடமான கேள்வியையும் விட்டுச் சென்றிருக்கிறது. பயிற்சியைப் பாதியாகக் குறைத்தால் வீரர் வேகமாக நீந்துகிறார் என்றால், அதற்கு முன் செய்த பயிற்சி அளவுக்கு மீறியதாக இருந்திருக்குமோ?

1991இல் காஸ்டில் குழுவினர் கல்லூரி வீரர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு தினம் ஒருமுறை நீந்தியது. மற்றது ஆறு வாரம் தினம் இருமுறை நீந்தியது. இருமடங்கு உழைத்தவர்கள் கூடுதலாக எதையும் பெறவில்லை. 1995இல் முஹிக்கா 18 உயர்நிலை வீரர்களை ஆராய்ந்தபோதும், பருவ முன்னேற்றத்தோடு இணைந்திருந்தது பயிற்சியின் வேகமே, தூரம் அல்ல.

ஆஸ்திரேலியாவின் கேமரன் மெக்கெவாய் இந்தக் கேள்வியைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தார். டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு ஓய்வெடுத்துத் திரும்பியவர், நீந்தும் தூரத்தை வாரத்துக்குச் சில கிலோமீட்டராகக் குறைத்து, வேகத்துக்கும் வலிமைப் பயிற்சிக்கும் முதலிடம் தந்தார். 2023இல் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் உலகச் சாம்பியன் ஆனார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே பந்தயத்தில் 21.25 வினாடியில் தங்கம் வென்றார். அரை நிமிடத்துக்குள் முடியும் பந்தயத்துக்குப் பொருந்தியது 1,500 மீட்டருக்கும் பொருந்தும் என்று கொள்ள முடியாது. ஆனால் நீந்திய கிலோமீட்டரை மட்டுமே உழைப்பின் அளவுகோலாகக் கொள்ளும் பழக்கத்தை அது அசைத்துவிட்டது.

ஃபோர்ப்ஸ் கார்லைல் 2016இல் 95ஆம் வயதில் காலமானார். அவர் பயிற்சியாளராகத் தொடங்கியபோது, போட்டிக்கு முந்தைய வாரங்களில் வீரரை இளைப்பாறச் சொல்வது துணிச்சலான காரியம். இன்று அப்படிச் சொல்லாத பயிற்சியாளரிடம்தான் ஏன் என்று கேட்கிறார்கள். அதற்காக உழைப்பின் தேவை குறைந்துவிடவில்லை. மாதக்கணக்கில் உழைத்தவருக்கே தணிப்பு பலன் தரும். அந்த உழைப்பை எந்த நாளில் நிறுத்துவது என்று அறிவதும் அவருடைய பயிற்சியே.